கடன் தீர்வு நிறுவனங்கள்: நிவாரணமா, புதிய சுமையா?

கடன் சுமையில் சிக்கியோரை மீட்பது சமுதாயத்தின் பொறுப்பு என்னும் கருத்து நம் நாட்டில் புதியதன்று. 1875-ஆம் ஆண்டில் தக்காணத்தில் புனே, அகமது நகர் மாவட்ட உழவர்கள் வட்டிக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து கடன் பத்திரங்களைத் தீக்கிரையாக்கினர். அதன் விளைவாக 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் விளைபொருள்களின் விலை வீழ்ந்து கடன் மட்டும் குறையாமல் நின்றபோது, மத்திய மாகாணம் 1933-லும், பஞ்சாப் 1934-லும், வங்காளம் 1935-லும், சென்னை 1936-லும் கடன் சமரசத்திற்கென்று சட்டங்கள் செய்தன. கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, நியாயமான தொகையை முடிவு செய்வதற்கான வாரியங்கள் அச்சட்டங்களின் கீழ் அமைந்தன. அந்த வாரியங்களுக்குச் சட்டம் அளித்த அதிகாரம் இருந்தது. அவை இலாபம் கருதிச் செயல்பட்டவை அல்ல.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ‘கடன் தீர்வு’ என்னும் அதே சொல் நகரங்களில் மீண்டும் கேட்கிறது. இம்முறை அதைச் சொல்வது அரசு வாரியம் அன்று. கட்டணம் பெற்று இயங்கும் தனியார் நிறுவனம். “உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்; வசூல் முகவரின் தொல்லையை நிறுத்துகிறோம்” என்பது அதன் வாக்குறுதி. இவ்வாக்குறுதியின் மெய்ப்பொருள் என்ன, அதை நம்பிச் செல்வோர் எதிர்கொள்ளும் இடர்கள் யாவை, வேறு வழிகள் உளவா என்பன ஆராயத் தக்கவை.

இடைத்தரகர் தோன்றிய சூழ்நிலை

அண்மைக் காலத்தில் ஈடு இல்லாத தனிநபர் கடனும் கடன் அட்டைப் பயன்பாடும் விரைந்து பெருகியுள்ளன. கைபேசியின் வழியே சில நிமிடங்களில் கடன் கிடைக்கும் நிலை தோன்றியுள்ளது. இவ்வளர்ச்சியின் வேகத்தைக் கண்ட ரிசர்வ் வங்கி, 2023 நவம்பர் 16 அன்று நுகர்வோர் கடன்களுக்கான இடர் மதிப்பை 100 விழுக்காட்டிலிருந்து 125 விழுக்காடாக உயர்த்தியது. அதாவது, இத்தகைய கடன்களை வழங்கும் வங்கிகள் முன்னைவிடக் கூடுதலான மூலதனத்தை ஒதுக்க வேண்டும் என்று பணித்தது. வங்கிகளைக் காக்கும் ஏற்பாடு இது. கடன் வாங்கியவரைக் காக்கும் ஏற்பாடு வேறாக இருத்தல் வேண்டும்.

அந்த இடத்தில் ஓர் இடைவெளி உள்ளது. 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் நெறிமுறைச் சட்டத்தில் தனிநபர்களுக்கென ஒரு பகுதி உண்டு. மிகக் குறைந்த வருமானமும் சிறு கடனும் உடையோர் புதுவாழ்வு தொடங்குவதற்கான ஏற்பாடும் அதில் இடம் பெற்றுள்ளது. ஆயினும் 2019 டிசம்பர் 1 அன்று அப்பகுதி நடைமுறைக்கு வந்தது, கம்பெனிகளின் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் அளித்தவர்களைப் பொறுத்த மட்டிலேயே. சாதாரண ஊதியக்காரருக்கு 1909, 1920 ஆகிய ஆண்டுகளின் பழைய நொடிப்புச் சட்டங்களே மிஞ்சின. நீதிமன்றப் படியேற அஞ்சுபவர்க்கு அவை எட்டாதவை. சட்டத்தின் இந்த இடைவெளியிலும், வசூல் முகவரின் மீதுள்ள அச்சத்திலுந்தான் கடன் தீர்வு நிறுவனங்கள் காலூன்றின.

செயல்படும் முறை

இந்நிறுவனங்களின் நடைமுறை பெரும்பாலும் ஒரே வகையானது. முதலில் கடனாளி சேர்க்கைக் கட்டணம் அல்லது மாதக் கட்டணம் செலுத்துகிறார். அடுத்து, வங்கிகளுக்குச் செலுத்தி வரும் மாதத் தவணையை நிறுத்தி விட்டு, அத்தொகையைத் தனியே சேமித்து வருமாறு அறிவுறுத்தப்படுகிறார். வங்கியின் அழைப்புகளுக்குத் தாமே விடை கூறாமல் நிறுவனத்திடம் திருப்பி விடுமாறும் சொல்லப்படுகிறார். பல மாதங்கள் கடந்து கடன் வாராக்கடனாகிய பின், நிறுவனம் வங்கியுடன் பேசி, நிலுவையில் ஒரு பகுதியை மொத்தமாகச் செலுத்திக் கணக்கை முடிக்க முயல்கிறது. ‘மிச்சமான’ தொகையில் ஒரு விழுக்காட்டை வெற்றிக் கட்டணமாகப் பெறுகிறது.

இதில் கருத்தூன்றிக் காண வேண்டியது ஒன்று உண்டு. தவணை ஒழுங்காகச் செலுத்தப்படும் கடனில் வங்கி தள்ளுபடி அளிப்பதில்லை. ஆகவே தீர்வு கிடைக்க வேண்டுமாயின் கடன் முதலில் கெட வேண்டும். நோயைத் தீர்ப்பதற்கு முன் அதை முற்ற விடும் மருத்துவம் இது. முற்றிய பின் மருந்து கிடைக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை.

வங்கிகள் சமரசத் தீர்வு காண்பதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழு ஏற்ற கொள்கையின்படியே தீர்வு காண வேண்டும். ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்த மூன்று மாதங்களுக்கு மேல் அவகாசம் தரப்பட்டால் அது கடன் மறுசீரமைப்பாகவே கருதப்படும். எனவே வங்கிகள் பெருந்தொகையை விரைவில் எதிர்பார்க்கின்றன. தள்ளுபடி கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பது முற்றிலும் வங்கியின் முடிவு. அதைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எந்த இடைத்தரகருக்கும் இல்லை. மூன்றாம் தரப்பினருடன் பேசியே தீர வேண்டும் என்ற கடமையும் வங்கிக்கு இல்லை.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒருவருக்குக் கடன் அட்டையில் 3,00,000 ரூபாய் நிலுவை உள்ளதாகவும், அதற்கு வட்டி மாதத்திற்கு 3 விழுக்காடு என்றும் கொள்வோம். கடன் தீர்வு நிறுவனத்தின் சொற்படி அவர் 12 மாதங்கள் எதுவும் செலுத்தவில்லை. வட்டி மட்டும் கூடி நிலுவை ஏறத்தாழ 4,27,700 ரூபாய் ஆகிறது. அபராதக் கட்டணங்கள் இதில் சேர்க்கப்படவில்லை.

வங்கி இந்த நிலுவையில் பாதிக்கு இசைகிறது என்று வைத்துக்கொண்டால், செலுத்த வேண்டியது 2,13,850 ரூபாய். மிச்சமானதும் அதே அளவு என்று நிறுவனம் கணக்கிடுகிறது. வெற்றிக் கட்டணம் 15 விழுக்காடு எனில் 32,078 ரூபாய். மாதக் கட்டணம் 2,000 வீதம் 12 மாதங்களுக்கு 24,000 ரூபாய். இரண்டின் மேலும் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு சேர, நிறுவனத்திற்குச் செல்வது சுமார் 66,200 ரூபாய். ஆக மொத்தச் செலவு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்.

‘கடன் பாதியாகக் குறைந்தது’ என்னும் விளம்பரம் இங்கே பொய்யன்று. ஆயினும் குறைந்தது, ஓராண்டு வட்டியால் வீங்கிய தொகை. தொடக்கத்தில் இருந்த 3,00,000 ரூபாயோடு ஒப்பிட்டால் உண்மையான ஆதாயம் சுமார் 20,000 ரூபாய் மட்டுமே. அதே தீர்வை அவர் வங்கியிடம் நேரே கேட்டுப் பெற்றிருந்தால் 66,200 ரூபாய் அவர் கையிலேயே நின்றிருக்கும். வங்கி தீர்வுக்கு இசையாவிடின் நிலைமை இன்னும் மோசமானது. மாதக் கட்டணமும் வரியுமாக 28,320 ரூபாய் போய், 4,27,700 ரூபாய்க் கடன் தலைமேல் நிற்கும்.

சட்டத்தின் பார்வையில்

தவணையை நிறுத்துவது வட்டியைப் பெருக்குவதோடு முடிவதில்லை. தவணைக்காகக் கொடுக்கப்பட்ட காசோலை பணமின்றித் திரும்பினால், 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு பாயலாம். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. இந்நாளில் தவணைகள் வங்கிக் கணக்கிலிருந்து மின்னணு முறையில் தாமாகவே கழிக்கப்படுகின்றன. அவ்வாறான கழிப்பு பணமின்மையால் தவறினாலும், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு அமைப்புகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அதே தண்டனையை விதிக்கிறது. ‘தவணையை நிறுத்துங்கள்’ என்று அறிவுரை கூறும் நிறுவனம் நீதிமன்றக் கூண்டில் நிற்பதில்லை; கையொப்பமிட்டவரே நிற்கிறார்.

மேலும், கடன் கொடுத்த வங்கியிலேயே சேமிப்புக் கணக்கு இருக்குமாயின், வங்கி தன் நிலுவைக்கு அதிலுள்ள பணத்தை ஈடு செய்து கொள்ள முற்படலாம். ‘தனியே சேமித்த’ தொகையும் அவ்வாறு போய்விடக்கூடும். வீடு போன்ற ஈட்டின் பேரில் பெற்ற கடனாயின், தவணை 90 நாள்கள் தவறியதும் அது செயல்படாச் சொத்தாகிறது. அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு அளித்து, நீதிமன்றத்தை நாடாமலே ஈட்டைக் கையகப்படுத்த வங்கிக்கு வழியுண்டு. உத்தரவாதம் அளித்தவரும் தப்ப இயலாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறினாலன்றி, அவருடைய பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஈடானது.

கடன் வரலாற்றில் படியும் கறை

கடன் தகவல் நிறுவனங்கள் 2005-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஒவ்வொருவரும் கடனைத் திருப்பிய வரலாற்றை அவை பதிவு செய்து, 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணாகவும் தருகின்றன. முழுவதும் செலுத்தி முடித்த கடன் ‘முடிக்கப்பட்டது’ என்றும், தள்ளுபடியோடு முடிந்தது ‘சமரசமாகத் தீர்க்கப்பட்டது’ என்றும் பதிவாகும். இரண்டும் ஒன்றல்ல. பிற்பாடு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டாவது பதிவு எதிராகப் பேசும். இத்தகவல்கள் குறைந்தது ஏழு ஆண்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. மேலும், வேளாண் கடன் அல்லாத பிற கடன்களில் சமரசத் தீர்வு பெற்றவருக்கு, அதே நிறுவனம் குறைந்தது 12 மாதங்கள் புதுக் கடன் அளித்தல் கூடாது என்று 2023-ஆம் ஆண்டு நெறிமுறை வகுத்துள்ளது.

‘பழைய பதிவை அழித்துத் தருகிறோம்’ என்று கூறிக் கட்டணம் பெறுவோரும் உளர். உண்மையான பதிவை அழிக்க எவராலும் இயலாது. பிழையான பதிவைத் திருத்தக் கட்டணம் தேவையில்லை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை பற்றிய புகார் 30 நாள்களில் தீர்க்கப்படாவிடின், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

அரசு ஊழியரும் மாணவரும்

அரசு ஊழியர்களுக்கு இதில் தனிப்பட்ட இடர் ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 17-ஆவது விதி, ஊழியர் தொடர்ந்து கடனில் மூழ்குவதையோ நொடிப்பதையோ தவிர்க்குமாறு தம் சொந்தக் காரியங்களை நடத்த வேண்டும் என்கிறது. கடனை வசூலிக்க அவர்மீது சட்ட நடவடிக்கை தொடரப்பட்டால், முழு விவரத்தையும் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நிறுவனத்தின் அறிவுரைப்படி தவணையை நிறுத்தி வழக்கை வரவழைத்துக் கொள்ளும் ஊழியர், கடன் தொல்லையோடு துறைசார்ந்த தொல்லையையும் தேடிக் கொள்கிறார்.

கல்விக் கடன் பெற்ற மாணவருக்கும் இது பொருந்தும். பெரும்பாலான கல்விக் கடன்களில் தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுகின்றனர். வேலை கிடைக்கத் தாமதமாகிறது என்பதற்காகத் தவணையை நிறுத்தி, பின்னர் தள்ளுபடியில் தீர்த்துக் கொண்டால், மகனின் பதிவோடு தந்தையின் பதிவும் கெடும். தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்டு அதே தந்தை வங்கிக்குச் செல்லும் நாளில்தான் அதன் விலை தெரிய வரும்.

மோசடியின் எல்லை

இத்துறையில் ஈடுபட்டோர் அனைவரும் மோசடிக்காரர் அல்லர். கடனாளிக்காக வங்கியுடன் பேசும் வழக்கறிஞரின் உதவி பயனுள்ளதாகவும் இருக்கலாம். ஆனால் நேர்மையான சேவைக்கும் ஏமாற்றுக்கும் இடையே கோடு கிழிப்பது பொதுமக்களுக்கு எளிதன்று. 2023 டிசம்பர் 11 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த எச்சரிக்கை இதற்குச் சான்று. கடன் தள்ளுபடி செய்து தருவதாகச் சிலர் விளம்பரம் செய்வதையும், எவ்வித அதிகாரமும் இன்றிக் ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ வழங்கி அதற்குச் சேவைக் கட்டணமோ சட்டக் கட்டணமோ பெறுவதையும், வங்கிகளுக்குச் செலுத்த வேண்டியதில்லை என்று மக்களைத் தவறாக நடத்துவதையும் அது சுட்டிக் காட்டியது. இத்தகையோரோடு தொடர்பு கொள்வது நேரடிப் பண இழப்பில் முடியும் என்றும் தெளிவுபடுத்தியது.

இவ்வகை நிறுவனம் ஏமாற்றினால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட இயலாது. 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம், ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கே உரியது. இடைத்தரகருக்கு எதிராக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையோ காவல் துறையையோதான் நாட வேண்டும். கட்டணத்தை இழந்தவர் அதை மீட்க மீண்டும் வழக்குச் செலவு செய்ய வேண்டிய நிலை இது.

கைக்கெட்டும் வழிகள்

கடன் சுமை தாங்க இயலாத நிலை வரும் முன்பே கடன் கொடுத்த வங்கியை நேரே அணுகுவது முதல் வழி. வேலையிழப்பு, நோய் போன்ற காரணங்களைச் சான்றுகளோடு எழுத்து மூலம் தெரிவித்து, தவணைக் காலத்தை நீட்டிக்கவோ, அட்டை நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றவோ கேட்கலாம். தீர்வுதான் வழி என்றால் அதையும் நேரே கேட்கலாம். வங்கி அளிக்கும் தீர்வுக் கடிதத்தில் தொகை, தேதி, மீதம் கோரப்படாது என்னும் உறுதி ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். அக்கடிதம் உண்மையானதா என்பதைக் கிளையிலேயே சரி பார்த்து, பணத்தைக் கடன் கணக்கில் மட்டுமே செலுத்தி, நிலுவையில்லாச் சான்று பெறுவது அவசியம்.

இரண்டாவது, இலவச ஆலோசனை. நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையங்களுக்கான மாதிரித் திட்டத்தை ரிசர்வ் வங்கி 2009-இல் வகுத்தது. 2012-இல் அவை நிதிக் கல்வி மையங்களாக மாற்றியமைக்கப்பட்டன. மாவட்டத்தின் முன்னோடி வங்கி அலுவலகத்தில் அவற்றைப் பற்றிக் கேட்டறியலாம்.

மூன்றாவது, மக்கள் நீதிமன்றம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வழக்குத் தொடரும் முன்பே கடன் தகராற்றை அங்கு எடுத்துச் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கு ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, மேல்முறையீடு அற்றது. இடைத்தரகர் தரும் எந்த வாக்குறுதிக்கும் இத்தகைய வலிமை இல்லை. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் இலவச வழக்கறிஞர் உதவியும் பெறலாம்.

வசூல் முகவரின் தொல்லையே ஒருவரை இடைத்தரகரிடம் துரத்துகிறது என்றால், அதற்கும் மருந்து உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைத்தல் கூடாது. மிரட்டலும் அவமதிப்பும் கூடா என்று 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி வலியுறுத்தியது. மீறினால் வங்கியிடம் எழுத்து மூலம் புகார் அளித்து, 30 நாள்களில் தீர்வு கிட்டாவிடில் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்கும் கட்டணம் இல்லை.

செய்ய வேண்டியன

அமெரிக்கா இச்சிக்கலை முன்னரே சந்தித்த நாடு. அங்கு கூட்டாட்சி வணிக ஆணையம் 2010 அக்டோபர் 27 முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, தொலைபேசி வழியே கடன் நிவாரணச் சேவை விற்கும் நிறுவனம், குறைந்தது ஒரு கடனையாவது தீர்த்து, அதன்படி கடனாளி ஒரு முறையாவது பணம் செலுத்திய பின்னரே கட்டணம் பெறலாம். தனிக் கணக்கில் சேமிக்கும் பணம் கடனாளிக்கே உரியது. முன்பணம் பெறும் வழக்கமே தீங்கின் வேர் என்பதை அந்நாடு உணர்ந்து கொண்டது.

நம் நாட்டிலும் இத்தகைய நிறுவனங்களுக்குப் பதிவு, முன்கட்டணத் தடை, மிச்சத்தைத் தொடக்க நிலுவையைக் கொண்டே கணக்கிடல், தவணை நிறுத்தத்தின் விளைவுகளை ஒப்பந்தத்திலேயே அறிவித்தல் ஆகியவை பரிசீலிக்கத் தக்கவை. தனிநபர் நொடிப்பு ஏற்பாடுகளை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டு வருவதும், கடன் ஆலோசனை மையங்களை நகரத் தொழிலாளரும் ஊதியக்காரரும் அறியச் செய்வதும் அதனினும் முக்கியமானவை. உதவி இருக்கும் இடம் தெரியாததாலேயே மக்கள் விளம்பரத்தின் பின்னே செல்கின்றனர்.

1930-களின் வாரியங்கள் குறைபாடற்றவை அல்ல. எனினும் கடனாளியின் துயரை விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்ற நெறி அவற்றின் அடிப்படையாக இருந்தது. இன்றைய மக்கள் நீதிமன்றமும் ஆலோசனை மையமும் அந்நெறியின் தொடர்ச்சியே. கடனில் தவிப்பவர் முதலில் ஏற வேண்டிய படி கடன் கொடுத்த வங்கியின் படி. அடுத்தது சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் படி. இரண்டிலும் கட்டணச் சீட்டு கேட்பாரில்லை.